எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்றுதல்: வி8 ரப்பரே போதும்

பழைய எம்ஜிபி (எம்ஜி நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவரிடம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை, மாற்றுவதைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் உடனே பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கைச் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்த இந்தக் காருக்கு, செய்தவர்களே ஒரு மேம்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1973இல் வந்த, எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட எம்ஜிபி ஜிடி வி8 மாடலின் கீழ் விஷ்போன் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் இரட்டைக் கை) புஷ்தான் அது. நான்கு சிலிண்டர் காரிலும் அப்படியே பொருந்தும், விலையும் கையைக் கடிக்காது.

சாதாரண எம்ஜிபியில் கீழ் விஷ்போனின் ஒவ்வொரு கையிலும் இரண்டு அரைத்துண்டு ரப்பர்கள் எதிரெதிராகச் செருகியிருக்கும். ஆக, காருக்கு 8. வி8 வகையில் கைக்கு ஒன்று, மொத்தம் 4. உள்ளே எஃகுக் குழாய், அதோடு ஒட்டிய ரப்பர். கை மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர் முறுகிக் கொடுக்கும். பாலியூரித்தேன் முறுகாது, குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அதற்குப் போட்ட சிலிக்கான் கிரீஸ் வற்றிவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கிறீச்சென்று முனகும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துச் சாலையில் போகிறவருக்கு எதற்கு?

உங்கள் புஷ்ஷின் நிலைமையை ஒரு டார்ச் விளக்கே சொல்லிவிடும். கையின் உள்முனையில் பிவட் தண்டு (கை சுழலும் அச்சு) துளையின் நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சரிந்து, வாஷரின் ஓரமாக ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தால் காலம் முடிந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது கேட்கும் ‘டொக்’ சத்தமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இங்கிலாந்தின் குளிர்காலச் சாலை உப்பு எந்த போல்ட்டையும் விட்டுவைக்காது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். ஸ்பேனர் அங்குல அளவில் வேண்டும். மெட்ரிக் ஸ்பேனர் நட்டின் முனைகளைத்தான் மழுக்கும்.

அடுத்து ஸ்பிரிங். இந்த வேலையில் ஆபத்து என்று இருப்பது இது ஒன்றுதான். காரை உயரமான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியை நுழைத்துத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மேலே, லீவர் ஆர்ம் டேம்பரின் (கை வைத்த பழைய வகை ஷாக் அப்சார்பர்) கையோடு கிங்பின்னை (ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சு) இணைக்கும் பின்னைக் கழற்றி, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஸ்டாண்டு தாழ்வாக இருந்தால் ஜாக்கி அடிவரை இறங்கிய பிறகும் ஸ்பிரிங்கில் விசை மிச்சமிருக்கும். உயரத்தை நான் வற்புறுத்துவது அதனால்தான். ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரு கம்பியால் கட்டித் தாங்குங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது.

ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரணக் கழற்றல்தான். முன் கை எது, பின் கை எது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பரை வெட்டி எடுத்து, துளையின் உட்புறத் துருவை எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். புதிய புஷ்ஷுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். நீண்ட போல்ட், பெரிய வாஷர், மறுபக்கம் புஷ்ஷைவிட அகலமான ஒரு சாக்கெட் என்று கோத்து மெல்ல இறுக்கி இழுங்கள். முதலில் ரப்பர் ஓரத்தில் மடிந்துகொண்டு அடம்பிடிக்கும். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மடிப்பை உள்ளே தள்ளிக்கொண்டே திருகினால் சட்டென்று வழுக்கி உட்காரும்.

திரும்பப் பூட்டும்போது உள்முனை நட்டுகளைத் தளர்வாகவே விடுங்கள். கார் ஸ்டாண்டில் இருக்கும்போது கை கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையில் பட்டதுமே ரப்பர் முறுகிவிடும். நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கிலேயே இருந்து, சீக்கிரமே கிழியும். புதுப் புஷ் ஒரே கோடையில் போய்விட்டது என்று ரப்பரைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சக்கரம் மாட்டிக் காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை இரண்டு மூன்று முறை அழுத்திவிடுங்கள். பிறகு சாய்தளத்தில் ஏற்றி, சக்கரங்களின் மேல் எடை இருக்கும்போதே நட்டுகளை இறுக்கிப் நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள்.

கேம்பரை (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) திருத்த இந்தக் காரில் வழியில்லை. டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, மட்டும் பார்க்க வேண்டும்: ஓர் அங்குலத்தில் 1/16 முதல் 3/32 வரை. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டீயரிங் அலைந்தால் புஷ்ஷைக் குற்றம் சொல்லாமல் கிங்பின்னைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உண்டு. பழைய கார்களில் அவற்றில் ஒன்றாவது அடைபட்டிருக்கும்.