தொட்டியில் பழம்: ஆரம்பத்திலேயே சறுக்கும் இடங்கள்

மரமில்லாமல் ஆய்வகத்தில் பழம் வளர்ப்பது என்றதும், புதிதாக இறங்குகிறவர்கள் கண்ணாடித் தொட்டிக்குள் ஆப்பிள் தொங்குவதைப் போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள். முதல் தவறு அதுதான். பயோரியாக்டரில், அதாவது செல்களை வளர்க்கும் மூடிய தொட்டியில், வளர்வது பழமல்ல, பழச்செடியின் செல்கள். தோலும் கொட்டையும் கிடையாது; வடிகட்டினால் கையில் வருவது ஈரமான கூழ். பின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு நிறுவனம் கிளவுட்பெரி, லிங்கன்பெரி என்ற காட்டுப் பழங்களின் செல்களை வளர்த்தபோதும் வந்தது கூழ்தான். காயாகிக் கனியும் கட்டத்தைத் தாண்டாத செல்களிடம் பழுத்த மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்தது, நன்றாகப் பழுத்த சதையை வெட்டி ஊடகத்தில் (செல்களுக்கான சத்துக் கலவையில்) வைப்பது. பழுத்த செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும் வேலையை ஏறக்குறைய முடித்துக்கொண்டவை. இளம் காய், இளந்தளிர் போன்றவற்றிலிருந்து காலஸ், அதாவது வடிவமில்லாமல் பெருகும் செல்திரள், எடுப்பதே எளிது.

இனி பெரிய தவறுக்கு வருவோம்: தாவர செல்லை ஈஸ்ட் மாதிரி நடத்துவது. ஈஸ்டைப் போட்டு வேகமாகக் கலக்கிவிட்டால் அது பாட்டுக்கு வளரும். தாவர செல் உருவில் பெரியது, உள்ளே பெரும்பகுதி நீர்ப்பை. கலக்கியின் வேகத்தைக் கூட்டினால் கிழிந்துபோகும். அதற்காக மெதுவாகச் சுற்றினால் கட்டிகட்டியாகச் சேர்ந்து, கட்டியின் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைக் கண்டுபிடிப்பதற்கே பல வாரங்கள் போய்விடும். வளர்ப்பைத் தொடங்க முதலில் போடும் விதைச் செல்களைக் கஞ்சத்தனமாகப் போடுவதும் ஆகாது; அடர்த்தி குறைந்தால் அவை பிரியாமல் சும்மா கிடக்கும்.

சுத்தத்தில் சலுகையே கூடாது. பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். தாவர செல்லுக்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். பந்தயமே இல்லை. ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸில் ஊடகத்தைச் சுத்திகரித்தாலும், திசுவுக்குள்ளேயே ஒளிந்து வரும் கிருமி தப்பிவிடும். ஒரு சின்னச் சோதனை: குடுவையை ஆட்டி, அப்படியே வைத்துப் பாருங்கள். நல்ல செல்கள் மணல் போல அடியில் படியும், மேலே நீர் தெளியும். மேலே பால் போலக் கலங்கியே நின்றால் கொட்டிவிட வேண்டியதுதான். காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை.

அப்புறம், ஒரே செல் வரிசையை வருடக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்ப்பது. மரபணுக்கள் மெல்ல மாறும், நிறமோ விளைச்சலோ குறையும். தொடக்கத்திலேயே ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தால் மறுபடி அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, ‘நிலமே வேண்டாம்’ என்ற பேச்சு. இந்தச் செல்கள் பொதுவாக ஒளிச்சேர்க்கை செய்து பிழைப்பதில்லை, சர்க்கரையைத் தின்று வளர்கின்றன. 1962இல் வந்த முராஷிகே-ஸ்கூக் என்ற தாவரத் திசு வளர்ப்பு ஊடகத்தை வழக்கமான முறையில் கலந்தால் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் 30 கிலோ. அது கரும்பு வயலிலிருந்தோ சர்க்கரை பீட் வயலிலிருந்தோதான் வந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் மறப்பது அந்த வயலை. அடுத்து, ஆட்டோகிளேவ் குடிக்கும் மின்சாரத்தை.