உருளைக்கிழங்குக்குத் தழைச்சத்தை அளவோடு இடும் முறை

மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்குக்கு விலை வைப்பவர்கள் பருமனையும் தோலையும்தான் பார்க்கிறார்கள் என்பதால், தழைச்சத்தை (நைட்ரஜனை) தாராளமாக இட்டுக் கிழங்கைப் பெருக்கவே நீலகிரி விவசாயிகளுக்கு மனம் போகிறது. அளவு மீறினால் முதலில் அடிபடுவது மாவுச்சத்து. செடி இலையும் தண்டுமாகத் தழைத்துக்கொண்டே போவதால் கிழங்கு முற்றுவது தள்ளிப்போகிறது. அறுவடையில் நீர் மிகுந்த கிழங்கே கிடைக்கிறது. வைட்டமின் சி குறைகிறது, நைட்ரேட் கூடுகிறது. புரதமும் கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு அஸ்பராஜின் போன்ற, புரதமாகச் சேராத தனி அமினோ அமிலங்களாகவே நின்றுவிடுகிறது. இந்த அஸ்பராஜினும் முற்றாத கிழங்கில் தங்கிய சர்க்கரையும் கொதிக்கும் எண்ணெயில் சேர்ந்தால் அக்ரிலமைடு என்ற தீங்கான பொருள் உண்டாகும் என்பதால், சிப்ஸுக்குப் போகும் கிழங்கில் கூடுதல் கவனம் தேவை.

மலைப்பகுதிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம், 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்). தழைச்சத்து ஏக்கருக்கு ஏறத்தாழ 48 கிலோ ஆகிறது. அதில் பாதியை நடும்போது அடியுரமாகவும், மீதியை நட்ட 30ஆம் நாள் மண் அணைக்கும்போது மேலுரமாகவும் இட வேண்டும்.

கணக்கு பெரும்பாலும் தவறுவது அடியுரத்தில்தான். நம் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் அதை இவ்வளவு அதிகமாக இட வேண்டியிருக்கிறது. அதை முழுவதும், தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரமாகவே கொடுத்தால் ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை நான்குக்கு மேல் ஆகும். நான்கு மூட்டையிலேயே 36 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அடியுரத்துக்கு வேண்டியது 24 கிலோ மட்டுமே. யூரியாவைக் கையில் எடுக்கும் முன்பே அளவு மீறிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனவே டிஏபியை இரண்டரை மூட்டையோடு நிறுத்திவிட்டு, எஞ்சிய மணிச்சத்துக்குத் தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட் ஐந்து மூட்டை இடுங்கள். அடியுரத்தில் யூரியா வேண்டாம். பல சத்துகள் கலந்த காம்ப்ளக்ஸ் உரம் இடுபவர்கள், மூட்டையில் அச்சிட்டிருக்கும் முதல் எண் தழைச்சத்தின் சதவீதம் என்பதால், அதைக் கொண்டு கணக்கிட்டு இதே முறையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

மேலுரமாக 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றும், அதற்கு மேல் ஏழெட்டுக் கிலோவும் போதும். முந்தைய போகத்தில் கேரட்டுக்கோ முட்டைக்கோசுக்கோ கோழி எருவை நிறைய கொட்டிய பாத்தியானால், மண் பரிசோதனை செய்து இதையும் குறைக்கலாம். பூத்த பிறகு, இலை வெளிறுகிறதே என்று யூரியா தூவுவதைத்தான் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்தச் சத்து கிழங்குக்குப் போகாமல் புதுத் தழையாகிறது, அடர்ந்த தழையில் பனிமூட்ட நாட்களில் இலைக்கருகலும் எளிதில் பரவுகிறது. சாம்பல் சத்தைச் சல்பேட் வடிவில் கொடுத்தால் மாவுச்சத்து மேம்படும். பொட்டாஷ் என்று பொதுவாக விற்கும் உரத்தில் உள்ள குளோரைடு அதைச் சற்றுக் குறைக்கும்.

அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன் செடியைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டால் தோல் இறுகும். தோண்டிய பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பு வீதம் கரைத்து, கழுவிய கிழங்குகள் சிலவற்றை அதில் போடுங்கள். அடியில் தங்குபவை மாவு நிறைந்தவை, வறுக்க ஏற்றவை. மிதப்பவை குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும். பெரும்பாலானவை மிதந்தால், அடுத்த போகத்தில் மேலுரத்தைக் குறைக்கும் முன் அடியுரத்தில் இட்ட டிஏபி எத்தனை மூட்டை என்று எண்ணிப் பாருங்கள்.