சேவ் ஆகாத வைரஸ் கேம்: 3 நாள் கழித்துக் கிடைத்த விடை

உடம்புக்குள் வெள்ளணுக்களை முறை வைத்து நகர்த்தி வைரஸை விரட்டும் சின்ன இண்டி கேம் ஒன்று வாங்கினேன். விளையாடும்போது ஒரு குறையும் இல்லை. மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி முதல் சுற்று. பிழைச் செய்தியும் வராது.

அழித்து மறுபடி நிறுவினேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். வைரஸ் கேம்தானே என்று ஆன்ட்டிவைரஸையும் நிறுத்திப் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம்தான் கேம் ஃபோல்டரில் இருந்த லாக் ஃபைலை, அதாவது கேம் தான் செய்வதைக் குறித்து வைக்கும் ஃபைலைத் திறந்தேன். சேவ் பாதையில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இப்படியே திரும்பத் திரும்ப. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தேன். எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கேம் அதை ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்து, இல்லாத ஃபோல்டரில் எழுதப் பார்த்திருக்கிறது.

செட்டிங்ஸில் பெயரை மட்டும் மாற்றினேன், சரியாகவில்லை. திரையில் தெரியும் பெயர்தான் மாறும், யூசர்ஸ் ஃபோல்டரின் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு தொடங்கி அதில் நுழைந்து விளையாடினேன். இப்போது 9ஆம் சுற்றில் மூடினால் 9ஆம் சுற்றில்தான் திறக்கிறது.