பச்சை விளக்கு எரிகிறது, ஃபைல் மட்டும் போகவில்லை: அலுவலகங்களை ஈதர்நெட் லிங்க்கால் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"100 எம்பிபிஎஸ் லிங்க்குன்னு வாங்குனோம் சார். ஃபைல் காப்பி பண்ணா 30-ஐத் தாண்ட மாட்டேங்குது. பில் மட்டும் 100-க்குக் கரெக்டா வருது."

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் ஐடி மேலாளர் போனில் சொன்னது இது. தொழிற்சாலை அங்கே, சர்வர்கள் சென்னை அலுவலகத்தில், நடுவில் ஒரு ஈதர்நெட் லிங்க். சேவை நிறுவனத்தின் ஆள் ஏற்கெனவே டெஸ்டரோடு வந்து, 100 முழுசாகப் போவதைக் காட்டி, "லிங்க்ல ப்ராப்ளம் இல்ல, உங்க சைடு பாருங்க" என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

இந்த வகை லிங்க்கை மெட்ரோ ஈதர்நெட் என்பார்கள், எல்2 லிங்க் என்பார்கள். இரண்டு இடங்களை மட்டும் இணைத்தால் இ-லைன், பல இடங்களை ஒரே ஸ்விட்ச்சில் சொருகியதுபோல் இணைத்தால் இ-லான். 2001-இல் தொடங்கிய மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் வைத்த பெயர்கள் இவை. வாங்குபவருக்குப் பிடித்துப்போவது இதன் நெகிழ்வு. 1 ஜிகாபிட் போர்ட்டை ஒருமுறை போட்டுவிட்டால் போதும், இன்று 50, தீபாவளி ஆர்டர் நேரத்தில் 200, அப்புறம் மறுபடி 100 என்று ஒரு மெயிலில் மாற்றிக்கொள்ளலாம். வந்து சேருவதும் நமக்குப் பழக்கமான அதே ஆர்ஜே-45 கேபிள்தான். அதனால்தான் அதை அடுத்த அறைக்குப் போகும் கேபிள் மாதிரியே நினைத்துவிடுகிறோம். நடுவில் 400, 500 கிலோமீட்டருக்கு இன்னொருவருடைய நெட்வொர்க் இருப்பது மறந்துபோகிறது.

போர்ட் வேகம் வேறு, லிங்க் வேகம் வேறு

திருப்பூர்க் கதைக்கு வருகிறேன். போர்ட் 1 ஜிகாபிட், வாங்கியது 100 மெகாபிட். அப்படியானால் மீதியை யாரோ தடுக்க வேண்டும். தடுப்பது சேவை நிறுவனத்தின் கருவியில் இருக்கும் போலீசர். அது ஒரு வாளி மாதிரி. நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில் டோக்கன்கள் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பாக்கெட் வந்தால் தன் அளவுக்கு டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். வாளி காலி என்றால் பாக்கெட் குப்பைக்குப் போகும். வரிசையில் நிற்க இடமே கிடையாது.

நம் சர்வருக்கோ இந்த வாளி பற்றி ஒன்றும் தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது 1 ஜிகாபிட் போர்ட். ஃபைல் அனுப்பும்போது ஒரு மில்லிசெகண்டில் 125 கிலோபைட்டைக் கொட்டிவிடும். வாளியின் அளவு 100 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிசெகண்டுக்குள் அது காலி. அதற்குப் பின்னால் வருபவை விழுகின்றன. பாக்கெட் விழுந்ததைப் பார்த்த டிசிபி (தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் விதிமுறை), வழியில் நெரிசல் என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைக்கிறது, மெல்ல ஏறுகிறது, மறுபடி அடி வாங்குகிறது. கிராஃபில் ரம்பப் பல் மாதிரி தெரியும். சராசரி 30-இல் நிற்கும். டெஸ்டர் கருவி பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் அனுப்புவதால் வாளி காலியாவதே இல்லை, 100-ம் போகிறது. இரண்டு பேரும் உண்மை சொன்னது இப்படித்தான்.

தீர்வு பத்து நிமிட வேலை. நம் ரவுட்டரில், இரண்டு முனையிலும், வெளியே போகும் பக்கத்தில் ஷேப்பர் போட வேண்டும். ஷேப்பர் பாக்கெட்டைத் தூக்கி எறியாது, கொஞ்சம் நிறுத்தி வைத்து அனுப்பும். 100-க்கு நான் 95 போடுவேன். ஏன் 5 குறைவு? சில ரவுட்டர்கள் ஐபி பாக்கெட்டின் அளவை மட்டும் கணக்கிடும், போலீசரோ ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து எண்ணும். பெரிய பாக்கெட்டில் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. ஐபி போனின் குரல் பாக்கெட் வழக்கமாக 200 பைட். அதோடு ஈதர்நெட் தலைப்பும் வால் பகுதியும் வீலான் டேக்கும் (ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) சேர்ந்தால் 222, அதாவது 11 சதவீதம் கூடுதல். போன் பேச்சு அதிகமுள்ள கிளைக்கு 95 கூடச் சில சமயம் தாங்காது, இன்னும் இறக்க வேண்டியிருக்கும்.

"ரவுட்டர் எதுக்கு சார், ஸ்விட்ச்லயே சொருகிடலாமே" என்று செலவு மிச்சம் பிடிக்கும் இடங்களில்தான் இந்தக் கோளாறு அதிகம். சாதாரண ஸ்விட்ச்சில் ஷேப்பர் போட வழியே இருக்காது.

நெகிழ்வு என்று சொன்னேனே, அதற்கும் ஒரு வால் உண்டு. 100-ஐ 200 ஆக்கச் சொல்லி மெயில் போடுகிறோம். ஒரு முனையில் போலீசரை மாற்றிவிட்டு மறுமுனையை மறந்துவிடுவார்கள். டவுன்லோடு 200, அப்லோடு 100. அவர்கள் சரியாக மாற்றியிருந்தால், நம் ரவுட்டரில் பழைய 95 ஷேப்பரை எடுக்க நாம் மறந்திருப்போம். (நானே மறந்திருக்கிறேன். டிக்கெட் போட்டு, சண்டையும் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.) இன்னொன்று, கட்டடத்தில் வைத்த மீடியா கன்வர்ட்டரே (ஃபைபரைச் செம்புக் கேபிளாக மாற்றும் பெட்டி) 100 மெகாபிட் வகையாக இருந்தால் மெயிலில் எதுவும் மாறாது, ஆள் வந்து பெட்டியை மாற்ற வேண்டும். "பின்னால எவ்வளவு வேணாலும் ஏத்திக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால், கடைசி மைலில் என்ன பெட்டி வைக்கப்போகிறீர்கள் என்று ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிங் போகிறது, ரிப்போர்ட் வரவில்லை

இது இன்னும் குழப்பமான நோய். மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் அருமையாகப் போகும். ஈஆர்பி (நிறுவனக் கணக்குவழக்கு மென்பொருள்) லாகின் திரை திறக்கும். மாத ரிப்போர்ட்டைக் கேட்டால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காரணம் எம்டியூ, அதாவது ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவு. சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட். நாம் வீலான் டேக் போட்டால் 4 பைட், சேவை நிறுவனம் தன் டேக்கை மேலே ஒட்டினால் இன்னொரு 4. நாம் ஐபிசெக் டனல் (பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்து அனுப்பும் முறை) ஓட்டினால் இன்னும் பல பத்து பைட் கூடும். ஈதர்நெட் பாக்கெட்டை ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான் என்றால் 50. நடுவழியில் ஏதோ ஒரு ஸ்விட்ச் இந்த அளவுக்குத் தயாராக இல்லாவிட்டால் பெரிய பாக்கெட் அங்கே விழும். ரவுட்டராக இருந்தால் "பாக்கெட் பெரிசு, சின்னதா அனுப்பு" என்று செய்தி திருப்பி அனுப்பியிருக்கும். ஸ்விட்ச்சுக்கு ஐபி பேசத் தெரியாது, சத்தமில்லாமல் போட்டுவிடும். பிங்கும் லாகினும் சின்னப் பாக்கெட்டுகள் என்பதால் தப்பிவிடுகின்றன.

சோதிப்பது சுலபம். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1400 போனால் நோய் இதுதான். லிங்க்கின் எம்டியூ எவ்வளவு, டேக் சேர்த்தா சேர்க்காமலா என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குவது நல்லது. கூட்டித் தர மறுத்தால் ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் டிசிபி ஏற்றும் தரவின் உச்ச அளவு) குறைத்துச் சமாளிக்கலாம்.

"நம்மோடது தனி லிங்க், என்கிரிப்ஷன் எதுக்கு" என்று கேட்டு ஐபிசெக்கையே தவிர்ப்பவர்களும் உண்டு. வீலானால் பிரித்து வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே போவது அப்படியே திறந்த கடிதம். சம்பளப் பட்டியலும் வங்கி விவரமும் போகிற லிங்க் என்றால் என்கிரிப்ஷன் போடுங்கள். போட்டபின் மறுபடி எம்டியூ பாருங்கள்.

ஒரு கிளையில் செய்த லூப்

இரண்டு ஊரையும் ஒரே வீலானில் போட்டுவிட்டால் ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி ஒன்றே போதும், ஒரே ஐபி வரிசை, வேலை மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு இடத்தில், கிளை அலுவலகத்தின் மீட்டிங் ரூமில் ஒரு கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. பெருக்க வந்தவர் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அதன் நுனியைப் பக்கத்தில் காலியாக இருந்த துளையில் சொருகிவிட்டார். அதன் மறுநுனியும் அதே சின்ன ஸ்விட்ச்சில்தான் இருந்தது. அவ்வளவுதான், எல்லாக் கருவிக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகின. கிளை படுத்தது, லிங்க் நிரம்பியது, தலைமை அலுவலகத்தில் ஐபி போன்களும் பில்லிங்கும் நின்றன. யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க மத்தியானம் ஆனது, ஏனென்றால் எல்லோரும் தலைமை அலுவலகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்விட்ச் வசதியான ஸ்பேனிங் ட்ரீ காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். அதன் செய்திகளைச் சேவை நிறுவனத்தின் கருவி அப்படியே கடத்தலாம், விழுங்கிவிடவும் செய்யலாம், வாங்கிய சேவையைப் பொறுத்தது. விழுங்கினால், இரண்டு ஊருக்கு நடுவே இரண்டு லிங்க் போட்டவர் தானே ஒரு லூப்பைக் கட்டிவிட்டார் என்று அர்த்தம். இ-லான் சேவையில் எத்தனை மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் ஈதர்நெட் அடையாள எண்) என்பதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள். ரவுட்டர் இல்லாமல் 300 கணினிகளையும் போன்களையும் நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த வரம்பு இடிக்கும்.

இரண்டு முனையிலும் ரவுட்டர், நடுவில் ஒரு சின்ன ஐபி வரிசை, கிளைக்குத் தனி வரிசை. என் கணக்கில் இதற்கு விதிவிலக்கு ரொம்பக் குறைவு.

இரண்டு லிங்க், ஒரே குழி

பேக்கப் வேண்டும் என்று வேறு நிறுவனத்திடம் இரண்டாவது லிங்க் வாங்குவார்கள். லோகோ வேறு, பில் வேறு. ஃபைபரோ ஒரே குழியில், அல்லது ஒரே கம்பத்தில் வரும். ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் கடைசி மைல் ஃபைபரை வாடகைக்கு எடுப்பது சர்வ சாதாரணம். மழைநீர் வடிகாலுக்கு ஜேசிபி ஒரு கை வைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். தோண்டும் முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் கொடுக்கவென்று மத்திய அரசு 2023-இல் ஒரு செயலியே வெளியிட்டிருக்கிறது. இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு நிறுவனங்களிடமும் பாதை வரைபடத்தைக் கேஎம்இசட் கோப்பாக (கூகுள் எர்த்தில் திறக்கும் வகை) கேட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாதை பிரியவே இல்லை என்றால் இரண்டாவதை மொட்டைமாடி ரேடியோ லிங்க்காகவோ 5ஜி மேல் ஒரு டனலாகவோ போடுவது மேல்.

பாதை பிரிந்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது. நடுவழியில் லிங்க் அறுந்தால், நம் போர்ட்டின் பச்சை விளக்கு அணையாது. அந்த விளக்கு சொல்வது பக்கத்தில் இருக்கும் மீடியா கன்வர்ட்டர் வரைக்கும்தான். போர்ட் உயிரோடு இருக்கிறது என்று நம்பி, ரவுட்டரில் கையால் எழுதி வைத்த மாறாத வழியான ஸ்டாட்டிக் ரூட் பாக்கெட்டுகளைக் கிணற்றில் கொட்டிக்கொண்டே இருக்கும், பேக்கப் சும்மா நிற்கும். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் போட்டால் வழக்கமான அமைப்பில் 40 நொடியில் தெரிந்துகொள்ளும். அதோடு, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கும் பிஎஃப்டி சேர்த்தால் ஒரு நொடிக்குள். சோதிக்கும்போது நம் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கி, பேக்கப் வேலை செய்கிறது என்று திருப்திப்படக் கூடாது. மறுமுனையில் பிடுங்கச் சொல்லி, இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்துக்கு யுபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். ஃபைபர் வந்து இறங்கும் பெட்டி கட்டடத்தின் அடித்தளத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், நேரடி இபி பிளக்கில் சொருகியிருக்கும். கரண்ட் போனால் மேலே எல்லாம் ஓடும், லிங்க் மட்டும் போய்விடும்.

லிங்க்கை ஒப்படைக்கும் நாளில்

சின்ன விஷயங்கள் சில. ஒரு பக்கம் 100 ஃபுல் என்று நிலையாக வைத்து, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும்) போய் உட்காரும். பிழைகள் ஏறும், வேகம் இறங்கும். இரண்டு பக்கமும் ஆட்டோ வைப்பதே உத்தமம். புதிதாக ஒரு வீலான் சேர்த்தால், சேவை நிறுவனம் அதையும் கடத்துகிறதா, பட்டியலில் கொடுத்ததை மட்டுமா என்று கேளுங்கள். 99.5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் பார்த்தால் மாதத்துக்கு 3.6 மணி நேரம் படுத்தாலும் அவர்கள் கணக்கில் சரிதான் என்று புரிந்துகொள்ளுங்கள். 99.9 என்றால் 43 நிமிடம்.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பில் ஓடத் தொடங்கும், அதனால் ஆள் அவசரப்படுத்துவார். டெஸ்டர் திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், நம் லேப்டாப்பை இரண்டு முனையிலும் வைத்து ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், டிசிபியில், இரண்டு திசையிலும். 1472 பிங், மறுமுனைக் கேபிளைப் பிடுங்குவது, ஒரு இரவு ஓடவிட்டுப் போர்ட்டின் பிழை எண்ணிக்கையைக் காலையில் பார்ப்பது. திருப்பூர் மேலாளர் அடுத்த லிங்க்கை வாங்கியபோது, வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "காலைல வாங்க தம்பி, அப்ப கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்று அனுப்பிவிட்டார்.