அம்பாசிடருக்கு ஹெட்டர் போட்டதுக்கப்புறம் டிக் டிக் சத்தமா? எக்ஸாஸ்ட் லீக் புடிக்கிறதும் அடைக்கிறதும்

பழைய பெட்ரோல் அம்பாசிடர்ல இருக்குறது 1489 சிசி பிஎம்சி பி சீரிஸ் இன்ஜின். அதோட காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டை (இன்ஜின்ல இருந்து வர்ற புகையை சேத்து வெளிய அனுப்புற வார்ப்பு இரும்பு பாகம்) கழட்டி வச்சிட்டு அதே வேலையை தனித்தனி பைப்ல செய்யுற ஹெட்டர், பின்னாடி புகை தடையில்லாம போற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்னு மாத்துனா வண்டி நல்லாத்தான் மூச்சு விடும், ஆனா நிறைய வண்டில கொஞ்ச நாள்லயே இன்ஜின் பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம் கிளம்பும். மெக்கானிக் ஜாயிண்ட் நடுவுல அடைக்கிற கேஸ்கெட்டை மாத்துவார், கொஞ்ச நாள் நல்லா இருக்கும், மறுபடி அதே சத்தம் வரும். கேஸ்கெட் மேல கோவப்படாதீங்க, அதை அமுக்கிப் புடிக்க வேண்டிய வாஷர் ஒழுங்கா உக்காரலைன்னா எவ்ளோ நல்ல கேஸ்கெட் போட்டாலும் நிக்காது. அந்தக் கதைக்கு வர்றேன், முதல்ல லீக் எங்கன்னு புடிப்போம்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. எக்ஸாஸ்ட்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எக்ஸாஸ்ட் புகை வாடை உள்ள வருதுன்னா அதோட சேந்து இதுவும் வருதுன்னு அர்த்தம். பழைய அம்பாசிடர்ல டேஷ்போர்டுக்கு பின்னாடி வயர் போற ஓட்டை, பெடல் போற ஓட்டைன்னு ரப்பர் போயி திறந்து கிடக்கும், ஓடும்போது தலைவலி, தூக்கம் வருதுன்னா கண்ணாடியை இறக்கிட்டு வண்டியை ஓரமா நிறுத்துங்க. மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விட்டு டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க.

இப்போ சத்தம். நிறைய பேர் இதை டேப்பட் சத்தம்னு, அதாவது வால்வை தள்ளித் திறக்குற பாகம் தட்டுற சத்தம்னு நினைச்சு அங்க இருக்குற இடைவெளியை (வால்வ் கிளியரன்ஸ்) திருப்பித் திருப்பி அட்ஜஸ்ட் பண்ணிட்டு இருப்பாங்க, ஏன்னா ஒரு சிலிண்டர்ல லீக் இருந்தா அந்த டிக் டிக் வேகமும் டேப்பட் சத்தத்தோட வேகமும் ஒண்ணேதான், இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துறதுக்கு ஒரு தடவை. வித்தியாசம் எங்கன்னா, லீக் சத்தம் காலைல குளிர்ந்த இன்ஜின்ல நல்லா கேக்கும், சூடாக சூடாக இரும்பு விரிஞ்சு இடைவெளி அடைபட்டு குறையும், மேடு ஏறும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா திரும்ப கூடும். டேப்பட் அப்படி லோடுக்கு தகுந்த மாதிரி ஏறி இறங்காது. இன்னும் சந்தேகமா இருந்தா ஒவ்வொரு பிளக்கா கட் பண்ணிப் பாருங்க, எந்த சிலிண்டரை நிறுத்தும்போது டிக் சத்தம் அடங்குதோ லீக் அந்தப் பக்கம்தான். பாயிண்டை (பிளக்குக்கு பொறி கிளப்புற பழைய கான்டாக்ட்) எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டின்னா பிளக் வயரை அந்தரத்துல விடாதீங்க, மாட்யூல் போயிடும், வண்டியை ஆஃப் பண்ணிட்டு வயரை கழட்டி பாடில எர்த் ஆகுற மாதிரி வச்சுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

ஒரு சின்ன குழப்பம் வரும், இந்த ஹெட்ல (சிலிண்டர்களுக்கு மேல மூடுற பாகம்) எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளிய வர்ற வாய், நாலு சிலிண்டருக்கு நாலு இல்ல, மூணுதான். ஒண்ணாவதுக்கு தனி, நாலாவதுக்கு தனி, ரெண்டும் மூணும் நடு போர்ட்டை பங்கு போட்டுக்கும். நடு போர்ட்ல லீக்னா ரெண்டாவதை கட் பண்ணாலும் சத்தம் முழுசா போகாது, மூணாவதை கட் பண்ணாலும் போகாது, ரெண்டுலயும் பாதிப் பாதி மாறும். சூடு அதிகம் வாங்குறதும் அந்த நடு போர்ட்தான், அதனால முதல்ல அங்கயே பாருங்க.

இடத்தை கண்ணால பாக்கணும்னா இன்ஜின் முழுசா ஆறினதும் டார்ச் அடிச்சுப் பாருங்க, லீக் ஆகுற இடத்துல கரி கோடு மாதிரி படிஞ்சிருக்கும். கரி தெரியலைன்னா சோப்பு தண்ணி வைத்தியம்தான் எனக்குப் புடிச்சது: வேக்குவம் கிளீனர்ல காத்து வெளிய ஊதுற பக்கம் குழாயை மாட்டி சைலன்சர் வாய்ல துணி சுத்தி வச்சு ஆன் பண்ணுங்க, இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும், அப்புறம் ஹெட்டர்ல இருந்து பின்னாடி வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்பு தண்ணி ஸ்ப்ரே பண்ணிட்டே போங்க, எங்க நுரை கொப்புளிக்குதோ அங்கதான் ஓட்டை. கார்புரேட்டர் பக்கம் காத்து வந்தா பயப்படாதீங்க, ஏதோ ஒரு சிலிண்டர்ல ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல திறந்து நிக்குது, கிராங்கை கொஞ்சம் திருப்பி விட்டா நின்னுடும். சைலன்சர் அடில சின்னதா ஒரு ஓட்டை இருந்தா அதுவும் லீக் இல்ல, தண்ணி வடியறதுக்குன்னு வச்சது, அதை வெல்டிங் வச்சு அடைச்சீங்கன்னா உள்ளயே தண்ணி தேங்கி சைலன்சர் துரு புடிச்சுப் போகும்.

ஏர் ஃபியூல் மீட்டர் (காத்துக்கு எவ்ளோ பெட்ரோல் கலக்குதுன்னு எக்ஸாஸ்ட்ல சென்சார் வச்சு காட்டுறது) மாட்டியிருக்கறவங்க கவனிக்க வேண்டியது இது. சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா ஒவ்வொரு தடவை புகை வீசுறதுக்கும் நடுவுல வெளிக்காத்து உள்ள இழுபடும், மீட்டர் லீன், அதாவது பெட்ரோல் கம்மின்னு பொய் சொல்லும், அதை நம்பி கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை பெருசு பண்ணா பெட்ரோல் குடிக்கும், பிளக் கருத்துப் போகும். ஆக்சிலேட்டரை விடும்போது பின்னாடி பட் பட்னு வெடிக்கிறதுக்கும் பாதி நேரம் இந்த இழுபடுற காத்துதான் காரணம். அதனால லீக்கை அடைக்காம கார்புரேட்டர்ல கை வைக்காதீங்க.

இப்போ வாஷர் கதை. பி சீரிஸ்ல இன்டேக் (கார்புரேட்டர்ல இருந்து காத்தும் பெட்ரோலும் உள்ள போற பக்கம்), எக்ஸாஸ்ட் ரெண்டும் ஹெட்டோட ஒரே பக்கம், டிரைவர் சீட்ல இருந்து பாத்தா இடது பக்கம். ரெண்டுக்கும் கேஸ்கெட் ஒண்ணு, அதோட சில ஸ்டட்ல (ஹெட்ல இருந்து நீட்டிட்டு நிக்கிற, நட்டு போடுற மரை கம்பி) ஒரே பெரிய வாஷர் பாதி இன்டேக் மேலயும் பாதி எக்ஸாஸ்ட் மேலயும் உக்காந்து ரெண்டையும் சேத்து அமுக்கணும். கம்பெனி மேனிஃபோல்டுல ரெண்டு ஃபிளாஞ்ச் (ஹெட்டோட ஒட்டி உக்காருற தட்டையான விளிம்பு) தடிமனும் ஒண்ணா இருக்கும், பிரச்சனை இல்ல. பட்டறைல அடிச்ச ஹெட்டர்ல ஃபிளாஞ்ச் கைக்குக் கிடைச்ச பிளேட்ல வெட்டினது, அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வாஷர் சாய்ஞ்சு தடிமனான பக்கத்தை மட்டும் அமுக்கும், மெல்லிசான பக்கம் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும், அங்கதான் ஊதும். நட்டை இன்னும் டைட் பண்ணா சரியாகாது, ஸ்டட்தான் வளையும். வெர்னியர் வச்சு ஒவ்வொரு ஸ்டட்கிட்டயும் ரெண்டு ஃபிளாஞ்சையும் அளந்துப் பாருங்க. தடிமனான பக்கத்தை மில்லிங்ல இறக்கலாம், இல்லன்னா லேத்ல சொல்லி தடியான ஸ்டீல் வாஷர்ல பாதிக்கு படி வெட்டிக்கலாம், நான் படி வாஷர்தான் சொல்லுவேன், செலவும் கம்மி, இன்டேக்ல கை வைக்கவும் வேணாம். கடைல கிடைக்கிற மெல்லிசு வாஷர் வேணாம், குழிஞ்சு போகும். ரெண்டு ஃபிளாஞ்சும் ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு இடிக்குதான்னும் பாத்துக்கங்க, இடிச்சா ஹெட்டர் ஓரத்தை லேசா கிரைண்ட் பண்ணிடுங்க.

கழட்டுறதுக்கு முந்தின ராத்திரியே எல்லா நட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்தி வைங்க. வராத நட்டை நீளமான பைப் போட்டு இழுக்காதீங்க, ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே முறிஞ்சா வேலை மூணு மடங்கு. பழைய கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காஞ்ச நிலையில வயர் பிரஷ் போட்டு தூசி கிளப்பாம தண்ணி நனைச்சு சுரண்டி எடுங்க, மாஸ்க் போட்டுக்கங்க. ஹெட்டர் ஃபிளாஞ்ச் மேல ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டுப் பாருங்க, வெல்டிங் சூட்டுல ஃபிளாஞ்ச் வளையறது சகஜம், வளைவு இருந்தா இன்டேக்கையும் ஹெட்டரையும் ஒண்ணா புடிச்சு ஒரே தளமா சர்ஃபேஸ் பண்ணி வாங்குங்க.

மாட்டும்போது புது கேஸ்கெட், பித்தளை நட்டு, அவ்ளோதான். பித்தளை சூட்டுல ஸ்டட்டோட ஒட்டிக்காது, அடுத்த தடவை கழட்ட சுலபம். இது இன்ச் த்ரெட், கையில கிடைச்ச மெட்ரிக் நட்டை ஏத்தாதீங்க. போர்ட்கிட்ட சிலிக்கான் சீலன்ட் தடவுறது வேஸ்ட், அந்த சூட்டுக்கு எரிஞ்சு போகும், எம்-சீல் வச்சு அடைக்கிறதைப் பத்தி பேசவே வேணாம். எக்ஸாஸ்ட் பேஸ்ட் பின்னாடி பைப்புக்குள்ள பைப் சொருகுற ஜாயிண்டுக்கு மட்டும் ஓகே. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணிட்டு வாங்க, டார்க் (நட்டை முறுக்குற விசை) 15 அடி பவுண்ட், அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல வேணாம்.

லீக் கேஸ்கெட்ல இல்லாம பைப் வெல்டிங்ல கீறல்னா அதுக்கும் காரணம் தேடணும். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல ஆடும், சைலன்சரை பாடியோட இரும்புப் பட்டி போட்டு இறுக்கிட்டா அந்த ஆட்டம் முழுக்க ஹெட்டர் கழுத்துல இறங்கி கீறும். பின்னாடி ரப்பர் ஹேங்கர் போடுங்க, மூணு பைப்பும் சேர்ற இடத்துக்கு அப்புறம் ஒரு ஃபிளெக்ஸ் பைப் வைக்கச் சொல்லுங்க. கீறல் முடியிற இடத்துல சின்னதா டிரில் போட்டு, வி மாதிரி கிரைண்ட் பண்ணி, அப்புறம் வெல்டிங் வைக்கணும், மேலாக்க வச்சா திரும்ப ஓடும். பேட்டரி வயரை கழட்டாம வெல்டரை கிட்டயே விடாதீங்க, கார்புரேட்டர் ஹெட்டருக்கு நேர் மேல உக்காந்திருக்கு, பெட்ரோல் கசிவு இருந்தா அதை முதல்ல நிறுத்துங்க. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின பைப்) துண்டு வச்சு ஒட்டுப் போடுறவரா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க, அந்த துத்தநாகப் புகை மூச்சுக்கு கெடுதி. ஹெட்டருக்கு துணி ராப் சுத்துறதை லீக் சரியானது உறுதியாகுற வரைக்கும் தள்ளிப் போடுங்க, சுத்திட்டா கரியும் தெரியாது கீறலும் தெரியாது, சாதா இரும்பு ஹெட்டர்னா ஈரம் தேங்கி துருவும் சீக்கிரம் புடிக்கும்.

எல்லாம் மாட்டினதும் சோப்பு தண்ணி டெஸ்ட் ஒரு தடவை, அப்புறம் நல்லா சூடாகுற வரைக்கும் ஒரு ஓட்டம், ராத்திரி ஆற விட்டு காலைல குளிர்ந்த நிலையில அதே டார்க்குக்கு திரும்ப ஒரு தடவை நட்டு செக் பண்ணுங்க, கேஸ்கெட் அமுங்கினதுல கொஞ்சம் லூஸ் ஆகியிருக்கும். இன்னும் ரெண்டு மூணு ஓட்டத்துக்கு அப்புறம் இன்னொரு தடவை பாத்துட்டு ஜெட் ட்யூனிங்கை ஆரம்பிக்கலாம்.