எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் அழைத்தான். "அண்ணா, எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்தேன். 2003 மாடல், 62,000 மைல்தான் ஓடியிருக்கிறது. எஞ்சினில் ஒரு சத்தம் இல்லை. முன்பணம் கொடுத்துவிடவா?"

அடியில் படுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்சூரன்ஸ் விசாரிப்பது, டயர் தேய்மானம் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எஞ்சின் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பது

துணிக்கூரையைத் திறந்து மூடும் இரண்டு இருக்கைக் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது 1989-ல். 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் தயாராகிவிட்டன. ஒரு டன்னை ஒட்டிய எடை, முன்னால் எளிமையான நாலு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கரங்கள் தள்ளும் அமைப்பு. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் ஒரு லட்சம் மைலைத் தாண்டியும் அந்த எஞ்சின் சலிக்காமல் ஓடும். நம்பகமான கார் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஆனால் அது எஞ்சினும் கியர்பாக்ஸும் சம்பாதித்த பெயர். இங்கிலாந்தில் பழைய எம்எக்ஸ்-5 எஞ்சின் போய் நிற்பது குறைவு. துருப்பிடித்துத்தான் உடைப்புக்குப் போகிறது. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவும் ஊர் இது.

துரு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். துணிக்கூரையில் விழும் மழை, இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளை வழியாக இறங்கிக் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் சில்லுக்குள் போய்விடும். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டிதான் சில். அது உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே பாதி இருக்காது.

சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும். திறந்த காரில் கூரை இல்லை, வளையாமல் முறுக்காமல் வண்டியைப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு சில்லுக்குத்தான். அதை வெறும் டிங்கரிங் வேலை என்று நினைத்தால் தவறு.

நான் வாங்கிய காரின் சில் பளபளவென்று இருந்தது. அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சு. விற்றவர் துரு வராமல் இருக்கப் பூசியதாகச் சொன்னார், நானும் அக்கறையுள்ள மனிதர் என்று நம்பினேன். 1,900 பவுண்டு கொடுத்தேன். அடுத்த வருடம் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது பின்சக்கரத்துக்கு முன்னால் முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். பட்டி அடைத்து, அதன்மேல் பெயின்ட் அடித்து, அதன்மேல் கருப்பைப் பூசியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய 1,700 பவுண்டு ஆனது. பணம் போனதைவிட, கண்ணெதிரே இருந்த புதுப் பூச்சைப் பார்த்தும் 'ஏன் இப்போது பூசினார்' என்று கேட்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது. பழைய காரின் அடியில் நேற்றுப் பூசிய பூச்சைக் கண்டால் தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

1998-க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டங்களையும் பார்க்க வேண்டும். அவை இரட்டைத் தகடு. நடுவில் ஈரம் தங்கும், கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு அதை மறைத்துவிடும். எம்ஓடி, அதாவது இங்கே வருடாவருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில் தேறியிருக்கிறதே என்பீர்கள். சோதிப்பவர் தட்டைக் கழற்றிப் பார்க்க மாட்டார். ஆனால் வண்டி எண்ணைக் கொடுத்தால் பழைய எம்ஓடி குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாலு வருடம் தொடர்ந்து 'அடியில் துரு' என்று எழுதி, ஐந்தாவது வருடம் அந்த வரி காணாமல் போனால் வெல்டிங் ரசீதைக் கேளுங்கள்.

லோட்டஸ் எலிஸில் துருப்பிடிக்காதே என்று பாய்வது

சரி, இன்னொரு எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரான எலிஸின் சட்டம் அலுமினியம், ஒட்டிச் சேர்த்தது. 1996-ல் வந்த முதல் எலிஸ் சுமார் 725 கிலோதான். அதில் இருந்தது ரோவர் கே-சீரிஸ் எஞ்சின். அது கொள்ளும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு. ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகுப் பக்கம். கொஞ்சம் கசிந்தாலும், உள்ளே காற்று அடைத்தாலும் சூடேறி, எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டதற்கு ரசீது இருந்தால் பயப்படாமல் வாங்கலாம். 2004 முதல் வந்த டொயோட்டா எஞ்சின் மாடலில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் ஏறும். எதுவானாலும் சட்டம் அடிபட்டதா என்று விசாரியுங்கள். ஒட்டிய அலுமினியத்தை நிமிர்த்த முடியாது.

குறைந்த மைலில் மயங்குவது

பத்து வருடம் கொட்டகையில் நின்ற காரில் பிரேக் கேலிப்பர் இறுகியிருக்கும், ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். வருடத்துக்கு ஐயாயிரம் மைல் ஓடிய கார் எனக்குப் போதும்.

சூடான எஞ்சினைப் பார்ப்பது

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் பல கோளாறு தெரியும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வாருங்கள்.

முந்தையவர் டர்போ மாட்டிய கார்

டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி. பிறகு மாட்டியது என்றால் முதல் காராக வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் இல்லாமல் போவது

விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, இருக்கைக்குப் பின்னால் உள்ள வடிகாலில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் அது தரையில் கொட்ட வேண்டும். தம்பியுடன் போய் அப்படித்தான் ஊற்றினேன். இடப்பக்கம் உடனே கொட்டியது. வலப்பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை. தம்பி குனிந்து பார்த்தான், அப்புறம் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு என் காரில் வந்து உட்கார்ந்துகொண்டான்.