எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எடைமுள் அசையவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பைபாஸில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதைக் குடலோடு இணைப்பார்கள். எதைச் செய்துகொண்டவரானாலும் ஒரு கட்டத்தில் எடை அப்படியே நின்றுவிடும். நின்றதும் பலர் சாப்பாட்டை இன்னும் குறைப்பார்கள். அது தேவையில்லாத வேலை. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று முதலில் பார்ப்போம்.

திட உணவுக்கு வந்துவிட்டவர்களுக்கான குறிப்பு இது. இன்னும் கஞ்சி, கூழ் கட்டத்தில் இருப்பவர்கள் மருத்துவமனை கொடுத்த அட்டவணையைத் தாண்ட வேண்டாம்.

1. எந்த மாதம் என்று பாருங்கள்

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் போல எடை நின்றால் கவலையே வேண்டாம். முதலில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை கரையும்போது, அதோடு பிணைந்திருந்த தண்ணீரும் வெளியேறும். ஒரு கிராம் கிளைகோஜனுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர். பிறகு உடல் அந்தச் சேமிப்பைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும், தண்ணீரும் திரும்பி வரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எடைமுள் காட்டாது. இதற்கு வைத்தியம் பொறுமைதான்.

ஆபரேஷனாகி ஆறு மாதம் கடந்த பிறகு நின்றால் கதை வேறு. 120 கிலோ உடம்பை நடத்தச் செலவான சக்தி 90 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. பசியும் மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். அடுத்த படிகளெல்லாம் இவர்களுக்குத்தான்.

2. எடையோடு இடுப்பையும் அளங்கள்

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். கூடவே ஒரு இன்ச் டேப். எடை நின்று, இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் அதைத் தேக்கம் என்று சொல்ல முடியாது. நாலு வாரம் இரண்டுமே அசையாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

3. மூன்று நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள்

சாப்பாடு மட்டுமல்ல, காபி, டீ, சமைக்கும்போது வாயில் போட்டது, குழந்தை மிச்சம் வைத்தது எல்லாமே. பெரும்பாலும் இங்கேதான் ஆள் மாட்டுவார்.

இரண்டு தோசை உள்ளே போகாத வயிற்றில் ஒரு பொட்டலம் மிக்சர் டீயோடு சுலபமாகப் போய்விடும். நொறுக்குத்தீனி வாயிலேயே கரைந்து, டீயோடு சேர்ந்து கூழாகி, வயிற்றில் தங்காமல் குடலுக்கு நழுவிவிடுவதுதான் காரணம். வயிறு நிறைந்த உணர்வே வராது. பிஸ்கட், முறுக்கு, ஐஸ்கிரீம் எல்லாம் இந்தக் கணக்குதான். நம் வீட்டு ரசம் சாதமும் இதில் சேரும்; குழையப் பிசைந்து, ரசம் தாராளமாக விட்டுச் சாப்பிட்டால் அது பாதி பானம். ஆபரேஷனான புதிதில் அதுதான் கை கொடுத்திருக்கும், அதனாலேயே விட மனசு வராது.

இனிப்பு பைபாஸ்காரர்களுக்கு வேறு விதத்திலும் ஆகாது. ஒரு ஜிலேபிக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வரிசையாக வரலாம்.

4. தட்டில் வரிசையை மாற்றுங்கள்

முதலில் புரதம், பிறகு காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. மதியத் தட்டு என்றால், ஒரு துண்டு மீனை முள் நீக்கி முழுசாகச் சாப்பிடுங்கள். அப்புறம் இரண்டு ஸ்பூன் பீன்ஸ் பொரியல். கடைசியில் சாம்பார் விட்ட சோறு இரண்டு வாய். சின்ன ஸ்பூன், சின்னக் கிண்ணம், 20 முதல் 30 நிமிடம். விக்கல் வந்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ, நெஞ்சில் அழுத்தினாலோ போதும் என்று அர்த்தம். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். குறைவாகப் பரிமாறிக்கொள்வது ஒன்றே வழி.

பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பார்கள். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, ஐம்பது கிராம் பன்னீரில் 9, ஒரு கிண்ணம் சுண்டலில் 8, ஒரு கப் தயிரில் 6 அல்லது 7. ஏறக்குறைய வந்துவிட்டது. சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் மீல் மேக்கர் சேர்க்கலாம். இட்லியை நம்பாதீர்கள், ஒன்றில் 2 கிராம்தான்.

5. தண்ணீர் டம்ளரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுங்கள்

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். மற்ற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி ஒன்றரை லிட்டராவது.

6. நடையோடு எடை தூக்குங்கள்

வேகமாக இளைக்கும்போது தசையும் கரையும். டாக்டர் சரி என்றதும் வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சின்ன டம்பெல் என்று தொடங்குங்கள்.

மறுபடி திரவ உணவுக்குப் போய் வயிற்றை ‘ரீசெட்’ செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயிறு அப்படிச் சுருங்காது. இறங்குகிற இரண்டு கிலோவும் தண்ணீர்தான், சோறு தின்றதும் திரும்பிவிடும்.

7. டாக்டரிடம் எப்போது?

வாந்தி நிற்கவில்லையென்றால் உடனே போங்கள்; தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். இழந்த எடை ஏறத் தொடங்கினாலும் காத்திருக்காமல் போங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. கால்சியத்தையும் இரும்பையும் மட்டும் சேர்த்து விழுங்காதீர்கள்; நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.